சிறுநீரகத் தழும்பும் வைட்டமின் டியும்: எலியில் பலித்தது மனிதரிடம் ஏன் தடுமாறுகிறது?

"வைட்டமின் டி சிறுநீரகத்தில் தழும்பு விழுவதைத் தடுக்கிறது" என்று ஒரு செய்தி வரும். கொஞ்ச நாள் கழித்து, "சிறுநீரகத்தைக் காக்க வைட்டமின் டி மாத்திரை உதவவில்லை" என்று இன்னொன்று வரும். படிப்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். இரண்டு செய்தியும் பொய்யில்லை. முதல் செய்தி பேசுவது பெரும்பாலும் எலிக்கு ஊசியில் ஏற்றிய ஒரு ஹார்மோனை. இரண்டாவது பேசுவது மனிதர்கள் விழுங்கிய மாத்திரையை. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். அடிப்படையிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தால் சிக்கல் எங்கே என்று தெரிந்துவிடும்.

தழும்பு எங்கே விழுகிறது?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாக 10 லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. நெஃப்ரான் என்பது ஒரு வடிகட்டியும் அதைத் தொடரும் நீண்ட நுண்குழலும் சேர்ந்தது. வடிகட்டிக்குப் பெயர் குளோமெருலஸ். மெல்லிய ரத்த நாளங்களின் முடிச்சு அது. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. அதில் ஒன்றிரண்டு லிட்டரைத் தவிர மற்ற அனைத்தையும் நுண்குழல்கள் திரும்ப உறிஞ்சி ரத்தத்துக்கே அனுப்பிவிடுகின்றன. கடுமையான வேலை இந்தக் குழல்களுக்குத்தான். அடி படுவதும் இவற்றுக்குத்தான்.

நலமான சிறுநீரகத்திலிருந்து ஊசியால் எடுத்த ஒரு துணுக்கை மேசன் டிரைக்ரோம் என்ற சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால், நுண்குழல்கள் ஒன்றையொன்று ஒட்டி நெருக்கமாக அடுக்கியிருப்பது தெரியும். செல்கள் சிவப்பாகத் தெரியும். குழலுக்கும் குழலுக்கும் நடுவே நீலம் என்று சொல்ல மெல்லிய கோடுகள் மட்டும் இருக்கும். அந்த நீலம்தான் கொலாஜன், அதாவது தழும்பின் மூலப்பொருள். நோய் முற்றிய சிறுநீரகத்தில் அந்த இடைவெளிகள் அகன்று, நீலம் பட்டை பட்டையாகப் பரவியிருக்கும். குழல்கள் சுருங்கி, சுவர் தடித்து, ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும். சில குளோமெருலஸ்கள் வெறும் நீல உருண்டையாகிவிட்டிருக்கும்.

இதைத்தான் சிறுநீரக ஃபைப்ரோசிஸ் என்கிறார்கள். சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், தன்னுடல் எதிர்ப்பு நோய்கள், நெடுநாள் அடைப்பு என்று தொடக்கம் எதுவாக இருந்தாலும் கடைசியில் வந்து சேருமிடம் இதுதான். இதில் பலரும் எதிர்பார்க்காத ஒரு விஷயம் உண்டு. சிறுநீரகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை வடிகட்டிகளின் சேதத்தைவிட, குழல்களுக்கு நடுவே உள்ள தழும்பின் அளவுதான் நெருக்கமாகக் காட்டுகிறது.

தழும்பு போடுவது யார்?

காயம் பட்டால் உடல் கொலாஜனைக் கொண்டு ஒட்டுப்போடும். தோலில் அது நல்லது. சிறுநீரகத்திலும் ஒரு முறை பட்ட காயத்துக்கு அது நல்லதே. காயம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்போதுதான் பிரச்சினை. கட்டட வேலை முடிந்தபின் சாரத்தைப் பிரிக்க வேண்டும். இங்கே வேலை முடிவதே இல்லை, சாரத்தின் மேல் சாரம் ஏறி, வீட்டுக்குள் நுழைய வழியில்லாமல் போகிறது.

இந்த வேலையைச் செய்பவை மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள். குழல்களுக்கு இடையே அமைதியாக இருந்த சாதாரணச் செல்கள் உசுப்பப்பட்டு இப்படி மாறுகின்றன. மாறியதும் கொலாஜனையும் ஃபைப்ரோனெக்டினையும் கொட்டத் தொடங்குகின்றன. உசுப்பும் சமிக்ஞைகளில் முதன்மையானது டி.ஜி.எஃப்-பீட்டா என்ற புரதம். அது செல்லின் வெளிப்புறத்தில் ஒட்டியதும், உள்ளே ஸ்மாட்-3 என்ற தூதன் உட்கருவுக்குப் போய்த் தழும்புக்கான மரபணுக்களை இயக்குகிறது. இதற்குத் தூபம் போடுவது ஆஞ்சியோடென்சின்-2. ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஹார்மோன் என்றுதான் இதை நமக்குத் தெரியும், டி.ஜி.எஃப்-பீட்டாவைச் சுரக்கவைப்பதும் இதன் வேலை.

டி.ஜி.எஃப்-பீட்டா, ஸ்மாட்-3, ஆஞ்சியோடென்சின் ஆகிய மூன்று பெயர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். வைட்டமின் டி வந்து மோதுவது இவற்றோடுதான்.

ஒரே பெயர், மூன்று பொருள்கள்

வைட்டமின் டி என்று பொதுவாகச் சொல்வது உண்மையில் மூன்று படிநிலைகள்.

1. மூலப்பொருள். வெயிலின் புற ஊதா-பி கதிர் தோலில் படும்போது உருவாகும் கோலிகால்சிஃபெரால், அதாவது டி3. மாத்திரையில் இருப்பதும் பெரும்பாலும் இதுதான். இது நேரடியாக எதையும் செய்வதில்லை.

2. இருப்பு வடிவம். கல்லீரல் இதை 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி ஆக மாற்றுகிறது. ரத்தத்தில் வாரக்கணக்கில் தங்கும். பரிசோதனைக்கூடம் தரும் அறிக்கையில் இருக்கும் எண் இதனுடையது.

3. செயல்படும் ஹார்மோன். பெயர் கால்சிட்ரியால். இருப்பு வடிவத்தை இதுவாக மாற்றும் பெரிய பட்டறை சிறுநீரகம்தான். 1970-71 வாக்கில் இது நிறுவப்பட்ட பிறகே, வைட்டமின் டி என்பது வெறும் ஊட்டச்சத்து அல்ல, ஒரு ஹார்மோனின் கச்சாப்பொருள் என்பது தெளிவானது.

கால்சிட்ரியால் ரத்தத்தில் சில மணி நேரமே தங்கும். அதனால்தான் வழக்கமான பரிசோதனையில் அதை அளப்பதில்லை. விளைவு என்னவென்றால், அறிக்கையில் "போதுமான அளவு" என்று இருந்தால் கச்சாப்பொருள் கையிருப்பில் இருக்கிறது என்று பொருள். பட்டறை ஓடுகிறதா என்பதை அந்த எண் சொல்லாது. சிறுநீரக நோயில் கேள்வியே பட்டறையைப் பற்றியது.

கால்சிட்ரியால் செல்லுக்குள் போய் வைட்டமின் டி ஏற்பி என்ற புரதத்தைப் பிடிக்கிறது. இரண்டும் சேர்ந்து உட்கருவில் சில மரபணுக்களைத் தூண்டும், சிலவற்றை அடக்கும். குடலில் இந்த ஏற்பி கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சவைக்கிறது. எலும்புக் கதை எல்லாருக்கும் தெரிந்ததே. சிறுநீரகத்தின் குழல்களிலும் வடிகட்டிச் செல்களிலும் அதே ஏற்பி இருக்கிறது. அங்கே அது என்ன செய்கிறது என்பதுதான் நம் கேள்வி.

ஹார்மோன் தழும்பைத் தடுக்கும் வழிகள்

முதல் வழி ரெனின் மூலமாக. ரெனின் என்பது ஆஞ்சியோடென்சின் சங்கிலியைத் தொடங்கிவைக்கும் நொதி. 2002-ல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வைட்டமின் டி ஏற்பி இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளில் ரெனினும் ஆஞ்சியோடென்சின்-2-உம் எகிறியிருப்பதைக் காட்டினார்கள். அந்த எலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியது, இதயமும் தடித்தது. ரெனின் மரபணுவைக் கால்சிட்ரியால் அடக்கிவைக்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் வழக்கமான மருந்துகளுக்கு ஒரு பலவீனம் உண்டு: சங்கிலியைக் கீழே அறுத்தால், உடல் ஈடுகட்ட மேலே ரெனினைக் கூட்டிவிடும். வைட்டமின் டி அந்த மேல்முனையிலேயே கைவைக்கிறது. காகிதத்தில் பார்த்தால் இரண்டும் அருமையான ஜோடி.

இரண்டாவது வழிதான் தழும்புக்கு மிக நெருக்கமானது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 2006-ல் செய்த ஒரு சோதனையைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். சுண்டெலியின் ஒரு பக்கச் சிறுநீர்க்குழாயைக் கட்டிவிடுகிறார்கள். சிறுநீர் வெளியேற வழியில்லாமல் அந்தச் சிறுநீரகம் உப்பி, ஒன்றிரண்டு வாரத்துக்குள் தழும்பேறிவிடும். மறுபக்கச் சிறுநீரகம் நன்றாக இருப்பதால் எலி பிழைத்திருக்கும். மனிதரில் ஆண்டுகள் பிடிப்பதை எலியில் நாட்களில் காட்டும் முறை இது. இந்தத் துறையில் மிக அதிகமாகப் பயன்படுவதும் இதுதான். இப்படிக் கட்டிய எலிகளில் ஒரு பிரிவுக்குப் பாரிகால்சிட்டால் கொடுத்தார்கள். கால்சிட்ரியாலைப் போலவே ஏற்பியைத் தூண்டும் செயற்கை மருந்து அது. அந்த எலிகளின் சிறுநீரகத்தில் கொலாஜன் குறைவாகப் படிந்தது. டி.ஜி.எஃப்-பீட்டாவும் குறைந்தது. அழற்சிச் செல்கள் நுழைவதும் குறைந்தது. இதைவிட முக்கியமான ஒரு கவனிப்பும் அந்த ஆய்வில் உண்டு: அடைபட்ட சிறுநீரகத்தில் வைட்டமின் டி ஏற்பியே குறைந்துபோகிறது, மருந்து அந்தக் குறைவைத் தடுக்கிறது.

2013-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இன்னும் ஆழமாகப் போனார்கள். கால்சிட்ரியால் பிடித்த ஏற்பி நேராக ஸ்மாட்-3 மேலேயே போய் ஒட்டி, அதன் வேலையைக் கெடுக்கிறது என்று காட்டினார்கள். இது ஏற்பியின் வழக்கமான மரபணு வேலையிலிருந்து தனியான செயல். இந்த வேறுபாடு ஏன் பெரிய விஷயம் என்பது பின்னால் வரும்.

மூன்றாவது வழி அழற்சி. அழற்சி மரபணுக்களை இயக்கும் என்.எஃப்-கப்பா-பி என்ற விசையையும் இந்த ஏற்பி கட்டுப்படுத்துகிறது. வடிகட்டிச் சவ்வைத் தாங்கும் போடோசைட் செல்கள் உதிராமல் காப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு என்று எலி ஆய்வுகள் சொல்கின்றன.

சுழல்

இப்போது கதையை இணைத்துப் பார்க்கலாம். தழும்பைத் தடுக்கும் ஹார்மோனைத் தயாரிப்பது சிறுநீரகம். தழும்பு விழுவதும் அதே சிறுநீரகத்தில், அந்த ஹார்மோனைத் தயாரிக்கும் அதே நுண்குழல்களின் நடுவே. தழும்பு கூடக் கூடப் பட்டறை சுருங்குகிறது. பட்டறை சுருங்கச் சுருங்கத் தழும்புக்குத் தடை குறைகிறது.

இதோடு நிற்பதில்லை. நோய் தொடங்கிய சிறிது காலத்திலேயே எலும்புச் செல்கள் எஃப்.ஜி.எஃப்-23 என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கின்றன. தேங்கும் பாஸ்பேட்டைச் சிறுநீரில் தள்ளிவிடுவதற்காக அது வருகிறது. வந்த இடத்தில் கால்சிட்ரியால் தயாரிப்பையும் அடக்கிவிடுகிறது, இருப்பதைச் சிதைக்கும் நொதியையும் கூட்டிவிடுகிறது. அப்புறம் இன்னொரு கசிவு. இருப்பு வடிவமான 25-ஹைட்ராக்ஸி ரத்தத்தில் தனியாக உலாவுவதில்லை, ஒரு புரதத்தின் முதுகில் ஏறித்தான் போகிறது. வடிகட்டியில் அந்தப் புரதமும் ஓரளவு வடியும். குழலின் செல்கள் மெகாலின் என்ற கொக்கியால் அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். பட்டறைக்குக் கச்சாப்பொருள் வரும் வழியே அதுதான். குழல் சேதமானால் கொக்கி பிடிக்காது. சிறுநீரில் புரதம் போகும் நோயாளிக்கு வைட்டமின் டியும் கூடவே போய்விடும்.

இந்த இடத்தில் எல்லாருக்கும் தோன்றும் யோசனை ஒன்றுதான்: குறைகிறதென்றால் வெளியிலிருந்து கொடுத்தால் சரியாகிவிடுமே?

மனிதர்களிடம் கொடுத்துப் பார்த்தபோது

2010-ல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் சிறுநீரில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் கசிவும் இருந்த 281 பேருக்கு 24 வாரம் பாரிகால்சிட்டாலோ போலி மாத்திரையோ கொடுத்தார்கள். எல்லாரும் ஏற்கெனவே ஆஞ்சியோடென்சின் தடுப்பு மருந்தில் இருந்தவர்கள். நாளுக்கு 2 மைக்ரோகிராம் எடுத்தவர்களுக்கு ஆல்புமின் கசிவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் ஆய்வின் முதன்மைக் கணக்கு, புள்ளியியல் கோட்டை மயிரிழையில் தாண்டாமல் நின்றுவிட்டது. நம்பிக்கை தரும் முடிவு என்று சொல்லலாம், நிரூபணம் என்று சொல்ல முடியாது. அதுவும் ஆல்புமின் பற்றிய முடிவு. தழும்பை அங்கே யாரும் அளக்கவில்லை.

சாதாரண வைட்டமின் டி3-ஐச் சோதித்த பெரிய ஆய்வின் முடிவு 2019-ல் வந்தது. அமெரிக்காவில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள 1,312 பேர், நாளுக்கு 2,000 யூனிட், 5 ஆண்டுகள். சிறுநீரக இயக்கத்தைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர் மதிப்பு மாத்திரை எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில், 12-13 புள்ளிகள் இறங்கியது. தெளிவான "இல்லை". ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இதில் சேர்ந்தவர்களின் சராசரி வைட்டமின் டி அளவு தொடக்கத்திலேயே போதுமானதாக இருந்தது, சிறுநீரக இயக்கமும் பெரும்பாலோருக்கு நன்றாகவே இருந்தது. கடுமையான குறைபாடு உள்ளவருக்கு இந்த முடிவை அப்படியே பொருத்திவிடக் கூடாது.

எலிக்கும் மனிதருக்கும் நடுவே எங்கே உடைகிறது?

1. மருந்து வேறு. எலிக்குப் போனது செயல்படும் ஹார்மோன் அல்லது அதன் நகல். மனிதர் விழுங்கியது பெரும்பாலும் கச்சாப்பொருள். பட்டறை பாழாகியிருக்கும்போது கச்சாப்பொருளைக் குவித்துப் பெரிய பலனை எதிர்பார்க்க முடியாது. அழற்சிச் செல்கள் போன்ற வேறு சில செல்களும் கால்சிட்ரியாலைச் சொந்த உபயோகத்துக்குத் தயாரித்துக்கொள்ளும் என்பதால், டி3-க்கு வாய்ப்பே இல்லை என்றும் தள்ளிவிட முடியவில்லை.

2. நேரம் வேறு. எலியில் தழும்பு விழும் அந்தச் சில நாட்களிலேயே மருந்தும் இருக்கிறது. மனிதர் மருத்துவரிடம் வரும்போது பாதி நெஃப்ரான்கள் போயிருக்கும். புதிய தழும்பைத் தடுப்பது ஒன்று, பழைய தழும்பைக் கரைப்பது வேறொன்று.

3. காலம் போதவில்லை. இதைத்தான் விமர்சனங்களில் போதிய அளவு பேசுவதில்லை என்று தோன்றுகிறது. 1998-ல் வெளியான ஓர் ஆய்வு, கணையம் மாற்றிப் பொருத்தியதால் சர்க்கரை அளவு முழுக்க இயல்பான 8 பேரின் சிறுநீரகத் துணுக்குகளைத் தொடர்ந்து பார்த்தது. சர்க்கரை நோயால் தடித்திருந்த சவ்வுகள் 5 ஆண்டில் அசையவே இல்லை. 10 ஆண்டில்தான் பின்வாங்கியிருந்தன. நோயின் காரணத்தையே அடியோடு எடுத்தபோதே இவ்வளவு காலம் என்றால், 24 வார ஆய்வு ஒன்று தழும்பைப் பற்றி ஆம் என்றோ இல்லை என்றோ எப்படிச் சொல்லும்?

4. அளவுகோல் மங்கல். தழும்பை நேரடியாகப் பார்க்கத் திரும்பத் திரும்பத் துணுக்கு எடுக்க வேண்டும். ரத்தக்கசிவு அபாயம் இருப்பதால் யாரும் அதைச் சும்மா செய்வதில்லை. எனவே சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் எவ்வளவு தேங்குகிறது என்பதை நம்புகிறோம். பாரிகால்சிட்டால், வடிகட்டும் திறன் குறையாதபோதும் ரத்தக் கிரியேட்டினினைச் சற்று ஏற்றிக் காட்டும். அளவுகோலையே அசைக்கும் மருந்தை அந்த அளவுகோலால் அளப்பது சங்கடம்.

5. கால்சியம். மற்ற நான்கையும் சேர்த்தாலும் இதன் எடைக்கு வராது. எலியில் தழும்பைக் குறைத்த அளவுகள் பலவும் ரத்தக் கால்சியத்தை ஏற்றிவிடும் அளவுகள். மனிதரில் அந்த அளவுக்குப் போனால் குடல் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் அள்ளி உள்ளே விடும். பழுதுபட்ட சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. ரத்த நாளச் சுவரில் சுண்ணாம்பு படியும். நுண்குழல்களிலேயே கால்சியம் படிந்தால் அதுவே புதிய காயம், அதற்கு மேல் புதிய தழும்பு. இதய நிலையைச் சோதிக்க 2012-ல் 227 சிறுநீரக நோயாளிகளுக்கு 48 வாரம் பாரிகால்சிட்டால் கொடுத்துப் பார்த்த ஆய்வில் இதயத் தடிப்பு குறையவில்லை. கால்சியம் எகிறியவர்கள் மட்டும் கூடினார்கள்.

இப்போது அந்த 2013 ஜப்பானிய ஆய்வுக்குத் திரும்பலாம். ஏற்பி ஸ்மாட்-3-ஐத் தடுப்பதும் கால்சியத்தை ஏற்றுவதும் இரண்டு தனி வேலைகள் என்றால், முதல் வேலையை மட்டும் செய்யவைக்கும் மூலக்கூறு ஒன்று கிடைக்க வேண்டுமே? அவர்கள் அப்படிச் சில செயற்கை மூலக்கூறுகளைச் சோதித்தார்கள். எலிகளில் தழும்பு குறைந்தது, கால்சியம் ஏறவில்லை. இந்தத் துறையில் உண்மையான எதிர்பார்ப்பு இருக்குமிடம் என் கணிப்பில் இதுதான். மாத்திரையின் யூனிட்டைக் கூட்டுவதில் அல்ல.

குறைவு என்பது காரணமா, அடையாளமா?

வைட்டமின் டி குறைவாக உள்ளவர்களுக்குச் சிறுநீரக நோய் வேகமாக முற்றுகிறது என்று பல கண்காணிப்பு ஆய்வுகள் சொல்கின்றன. செய்தித் தலைப்புகள் பிறப்பது பெரும்பாலும் இங்கேதான். ஆனால் நோய் முற்றியவர் வெளியே நடமாடுவது குறைவு, வெயில் படுவது குறைவு. புரதக் கசிவு அதிகமானால் வைட்டமின் டியும் வெளியேறும். உடல் பருமன், நீடித்த அழற்சி இரண்டிலும் ரத்த அளவு தாழும். இவற்றில் ஒவ்வொன்றும் தன்னளவிலேயே நோயை மோசமாக்கும். ஆகவே தாழ்ந்த எண் நோயின் நிழலாகவும் இருக்கலாம், நோயைத் தள்ளும் கையாகவும் இருக்கலாம். எலிச் சோதனைகள் கை என்கின்றன. மாத்திரை ஆய்வுகள் நிழல் பக்கம் சாய்கின்றன. இரண்டும் ஓரளவு உண்மை என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது.

நடைமுறையில் இப்போது என்ன?

சிறுநீரக நோய்க்கு உலக அளவில் பின்பற்றப்படும் கே.டி.ஐ.ஜி.ஓ வழிகாட்டி 2017-ல் புதுப்பிக்கப்பட்டபோது, டயாலிசிஸுக்கு வராத பெரியவர்களுக்குக் கால்சிட்ரியாலையும் அதன் நகல்களையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. நோய் 4, 5-ஆம் நிலையை எட்டி, ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோன் கடுமையாகவும் தொடர்ந்தும் ஏறுபவர்களுக்கு அதை ஒதுக்கியது. அங்கேயும் நோக்கம் எலும்பும் பாராதைராய்டும்தான், தழும்பு அல்ல.

25-ஹைட்ராக்ஸி அளவு உண்மையிலேயே தாழ்ந்திருந்தால் சாதாரண டி3 கொடுத்துச் சரிசெய்வதில் யாருக்கும் தகராறில்லை. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே போவதைப் பொதுவாகக் குறைபாடு என்கிறார்கள். எலும்புக்கு அது தேவை. ஆனால் அதைச் சிறுநீரகத் தழும்புக்கான மருந்தாக நினைத்து எடுப்பதும், வாரம் ஒன்று என்று எழுதித் தந்த அதிக வீரிய மாத்திரையைத் தினமும் விழுங்குவதும் ஆபத்து. அளவு மீறினால் கால்சியம் ஏறி, வாந்தி, தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் வறட்சி என்று தொடங்கி, நன்றாக இருந்த சிறுநீரகமே திடீரெனச் செயலிழக்கும் அளவுக்குப் போயிருக்கிறது. நலமான பெரியவருக்கே மருத்துவர் கண்காணிப்பின்றி நாளுக்கு 4,000 யூனிட் என்பதுதான் உச்சவரம்பு. சிறுநீரக நோயாளி டி3 எடுத்தாலும் ரத்தத்தில் கால்சியம், பாஸ்பேட், பாராதைராய்டு ஹார்மோன் மூன்றையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

நோய் முற்றுவதை மனிதரில் தாமதப்படுத்தும் என்று பெரிய ஆய்வுகளில் தேறிய மருந்துகள் வேறு இருக்கின்றன. ஆஞ்சியோடென்சின் சங்கிலியைத் தடுப்பவை 1990-களிலிருந்தே உண்டு. 2019-க்குப் பிறகு, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எஸ்.ஜி.எல்.டி-2 தடுப்பிகள் சேர்ந்தன. சர்க்கரை நோய் இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் அவை பயன்படுவது பின்னர் தெரிந்தது. சர்க்கரை நோயால் வரும் சிறுநீரகப் பாதிப்புக்கு ஃபினெரனோன் என்ற மருந்தும் வந்திருக்கிறது. ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது இவற்றுக்கெல்லாம் முந்தியது. மருத்துவர் எழுதித் தந்த இந்த மாத்திரைகளில் ஒன்றை, "வைட்டமின் டி எடுக்கிறேனே" என்ற தைரியத்தில் நிறுத்திவிடுபவருக்கு நேரக்கூடிய நஷ்டம், அந்த வைட்டமினால் கிடைக்கக்கூடிய எந்த லாபத்தைவிடவும் பெரியது.